70 வயது வேடம், 26 வயது முகம்: ஒப்பனைக்கு வழி சொல்லுங்கள்

உறையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் அலுவலக நண்பர்கள் 11 பேர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாடகம் போட்டு வருகிறோம். எங்களில் எவரும் தொழில்முறை நடிகர் அல்லர். ஒப்பனைக்கென்று தனியாக ஆள் அமர்த்திக்கொள்ளும் வசதியும் இல்லை. சென்ற ஆண்டு கடையில் கிடைத்த பேன்கேக் என்னும் ஒப்பனை அடிப்பூச்சையும் முகப்பவுடரையும் வாங்கி நாங்களே பூசிக்கொண்டோம். நாடகம் முடிந்தபின் புகைப்படங்களைப் பார்த்தபோது, எல்லோருடைய முகமும் சாம்பல் பூத்ததுபோல வெளுத்தும், கழுத்து மட்டும் தனியாகக் கறுத்தும் தெரிந்தது. அது போதாதென்று, இரண்டாம் காட்சியில் ஊர்ப் பெரியவராக நடித்தவரின் ஒட்டுமீசை வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மிக நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், மீசையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எஞ்சிய வசனத்தைச் சொல்லி முடித்தார். அவருடைய மூன்று மாத உழைப்பு அந்த ஒரு நொடியில் வீணானதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இந்த ஆண்டு 26 வயதான நான் 70 வயதுத் தாத்தாவாக நடிக்கிறேன். அரங்கில் ஏறத்தாழ 300 இருக்கைகள் உள்ளன. விளக்குகள் எல்லாம் எல்இடி. முகம் வெளுக்காமல் இருக்கவும், வயது நம்பும்படியாகத் தெரியவும், மீசை நிற்கவும் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஒப்பனைப்பெட்டி எழுதியது:

தம்பி, பல ஆண்டுகளாக அமெச்சூர் குழுக்களுக்கு ஒப்பனை செய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் சாம்பல் பூத்த முகத்தை ஒவ்வொரு குழுவிலும் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணமும் அநேகமாக ஒன்றுதான். நம்மவர்கள் மேடை ஒப்பனை என்றாலே முகத்தைச் சிவப்பாக்குவது என்று எண்ணிக்கொண்டு, தங்கள் நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளுத்த பேன்கேக்கை வாங்கிவிடுகிறார்கள். மாநிறத்தின் மீதோ கறுப்பின் மீதோ இளஞ்சிவப்பு கலந்த வெளுப்பைப் பூசினால் அது சிவப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். நம் தோலில் இயல்பாகவே மஞ்சளும் செம்மண் நிறமும் கலந்திருப்பதால், அடிப்பூச்சும் அந்தச் சாயலில், உங்கள் நிறத்திலேயே இருக்க வேண்டும். தாடை ஓரத்தில் சிறிது தடவிப் பாருங்கள். எங்கே தடவினோம் என்று தேட வேண்டியிருந்தால் அதுவே உங்களுக்குரிய நிறம். கறுத்த முகம் மேடையில் எடுபடாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். முகத்தின் மேடு பள்ளங்கள் தெரிந்தால் எந்த நிறமும் கடைசி வரிசை வரை எடுபடும்.

ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். காது, காதின் பின்புறம், கழுத்து, புறங்கை ஆகிய எல்லா இடங்களிலும் அதே பூச்சு வர வேண்டும். பவுடரைத் தேய்க்காமல் பஃபால் ஒற்றி எடுக்க வேண்டும். வெள்ளைப் பவுடருக்குப் பதிலாக நிறமற்றதோ மஞ்சள் சாயல் உள்ளதோ வாங்குங்கள். உங்கள் புகைப்படங்கள் ஃபிளாஷ் போட்டு எடுக்கப்பட்டவையாக இருந்தால் வெளுப்பு இன்னும் கூடித் தெரிந்திருக்கும், ஏனென்றால் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த பூச்சுகள் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும்.

சட்டையைப் பற்றியும் ஒரு சொல். ஒப்பனைக்கு உட்காரும்போது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பனியனைத் தலை வழியாகக் கழற்றும்போது அரை மணி நேர வேலை அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும்.

பழைய_மேடை எழுதியது:

அன்புள்ள தம்பிக்கு, இளவயதிலேயே கிழவர் வேடங்கள் பல போட்டவன் என்ற முறையில் வயதைப் பற்றி எழுதுகிறேன். கறுப்பு ஐப்ரோ பென்சிலை எடுத்து நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் இரண்டு கோடு என்று இழுத்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. தூரத்திலிருந்து பார்த்தால் அது சுருக்கமாகத் தெரியாது, பூனை மீசையாகத்தான் தெரியும். சுருக்கம் என்பது கோடு அன்று. ஒரு பள்ளமும் அதன் அருகே ஒரு மேடும் சேர்ந்தது. ஆகவே பள்ளத்திற்குச் செம்பழுப்பு நிறமும், மேட்டிற்கு உங்கள் தோலைவிடச் சற்று வெளுத்த மஞ்சள் சாயலும் என இரண்டு நிறங்கள் தேவை. மேட்டிற்கு வெள்ளையைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடியின் முன் அமர்ந்து முகத்தை நன்றாகச் சுளியுங்கள். மூக்கின் இரு பக்கத்திலிருந்து வாய் ஓரம் வரை ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பு விழும் இடத்திலேயே மெல்லிய தூரிகையால் பழுப்பை வையுங்கள். பிறகு முகத்தைத் தளர்த்தி, அந்தக் கோட்டின் ஓர் ஓரத்தைக் கூர்மையாகவே விட்டுவிட்டு, மறு ஓரத்தை மோதிர விரலால் மெல்லத் தட்டித் தட்டிக் கரைத்துவிடுங்கள். இரண்டு ஓரத்தையும் கரைத்தால் அழுக்காகத் தெரியும், இரண்டையும் விட்டுவிட்டால் கோடாகத் தெரியும். அதன்பின் மடிப்பை ஒட்டிப் புடைத்திருக்கும் கன்னச் சதையின் மேல் வெளிர்நிறத்தை வைத்துக் கரையுங்கள். கண்ணுக்குக் கீழுள்ள பை, கன்னக்குழி, நெற்றிப்பொட்டு, கழுத்தின் நரம்புகள் எல்லாவற்றிற்கும் முறை இதுதான். உதட்டின் மேல் அடிப்பூச்சைச் சிறிது தடவி அதன் சிவப்பைக் குறைத்துவிட்டால், அதுவே பத்து வயதைக் கூட்டிவிடும்.

நரைக்கு டால்கம் பவுடரைக் கொட்டிக்கொள்ளாதீர்கள். யாராவது தோளைத் தட்டினால் புகை கிளம்பும். தண்ணீரில் கரையும் வெள்ளை மேக்கப்போடு துளி மஞ்சளைக் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டு, கிருதாவிலும் காதோரத்திலும் தொடங்கி வாருங்கள். புருவத்தை முடி வளரும் திசைக்கு எதிராக வாரிவிட்டால், அது கலைந்து முதியவர் புருவமாகும். புறங்கையை மறந்துவிடக் கூடாது. தாத்தா கைத்தடியை ஊன்றி நிற்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் பார்ப்பது அந்தக் கையைத்தான்.

ஒளிமாடம் எழுதியது:

ஒளியமைப்பைக் கவனிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பழைய ஹாலஜன் விளக்கு 3200 கெல்வின் அளவில் இளமஞ்சளாக விழுந்து தோலுக்கு உயிர் கொடுக்கும். விலை குறைந்த எல்இடி பார் (PAR) மேடை விளக்குகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தே வெள்ளையை உண்டாக்குவதால், வீட்டுக் கண்ணாடியில் சரியாக இருந்த முகம் மேடையில் நோயாளி முகமாகிவிடக்கூடும். விளக்கில் தனியாக ஆம்பர் என்னும் செம்மஞ்சள் ஒளி இருந்தால் அதைச் சிறிது கூட்டச் சொல்லுங்கள். சிவப்பு ஒளியில் கன்னச் சிவப்பும் உதட்டுச் சாயமும் காணாமல் போகும். பச்சையிலும் நீலத்திலும் அதே சிவப்பு கறுத்துவிடும். இரவுக் காட்சிக்கு நீல ஒளி வைத்திருந்தால், பெண் வேடக்காரர்களின் கன்னச் சிவப்பைக் குறைத்துவிடுவது நல்லது.

மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்குழி இருண்டுவிடும். முன்பக்கத்திலிருந்து சரிவாக ஒரு விளக்கு அவசியம். எப்படியாயினும், ஒத்திகை நாளில் முழு ஒப்பனையோடு உண்மையான விளக்குகளின் கீழ் நின்று, ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உறையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். கூத்துக் கலைஞர்கள் அரிதாரமும் முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள் என்றும், அவை விலை குறைவு என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். நாங்களும் வாங்கலாமா? மீசையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஒப்பனைப்பெட்டி எழுதியது:

அரிதாரம் வேண்டவே வேண்டாம், தம்பி. அந்த மஞ்சள் கனிமம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, நஞ்சு. நடிப்பதையே 'அரிதாரம் பூசுவது' என்று சொல்லும் அளவுக்கு அது நம் மேடையோடு கலந்த பெயர் என்றாலும், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவோம். முத்துவெள்ளை என்பது துத்தநாக ஆக்சைடு, அதனால் தோலுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் தெருக்கூத்தின் முகவரைவு தீப்பந்தத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் ஒரு வீரனையோ அரசனையோ பெருக்கிக் காட்ட உருவான தனிக்கலை. உங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். இரண்டுக்கும் தேவை வேறு.

மீசைக்கு ஸ்பிரிட் கம் என்னும் ஒட்டுப்பசையை வாங்கி, முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். மேலுதட்டை மழித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, அடிப்பூச்சு போடாத வெறும் தோலில் பசையைத் தடவுங்கள். உடனே ஒட்டாமல், விரல் நுனியால் தட்டித் தட்டி, விரலை எடுக்கும்போது நூல் இழுக்கும் பதம் வந்தபின் மீசையை வைத்து, ஈரத்துணியால் அரை நிமிடம் அழுத்துங்கள். நடுப்பகுதியைவிட இரு ஓரங்களில் பசை நன்றாக இருக்க வேண்டும், வாய் அசையும்போது முதலில் கிளம்புவது ஓரம்தான். எடுக்கும்போது பிய்க்காமல் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு மெல்லக் கழற்றுங்கள். பசை எளிதில் தீப்பற்றும். பூசை முடிந்து கற்பூரம் அணைந்தபின் புட்டியைத் திறப்பதே முறை. கண்மையையும் கண்ணுக்கான தூரிகையையும் ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடக் கூடாது. ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்தால் குழுவே படுத்துவிடும்.

உறையூர்வாசி எழுதியது:

சனிக்கிழமை ஒத்திகையில் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். கழுத்தும் முகமும் ஒரே நிறமாக வந்துவிட்டன. மீசை இரண்டு மணி நேரம் அசையவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, நான் வசனம் பேசும் வரை என்னை அடையாளம் காணவில்லை என்றார். புறங்கையில் நீலத்தால் வரைந்த நரம்புகள் மட்டும் தனித்துத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பழைய_மேடை எழுதியது:

மகிழ்ச்சி, தம்பி. நீலத்தை விட்டுவிட்டு, முகத்திற்கு வைத்த அதே செம்பழுப்பை விரல் எலும்புகளின் இடையே உள்ள பள்ளங்களில் வைத்துக் கரையுங்கள். எலும்பு மேட்டில் வெளிர்நிறம். நரம்பைத் தனியாக வரைய வேண்டியதில்லை.