நேரோட்டத்தில் தணிந்த ஒலி: படகு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிய அனுபவங்கள்

முதல் பகிர்வு

என் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிப் படகில், நைட்ரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்த எரிபொருளில் ஓடும் 3.5 சிசி நைட்ரோ எஞ்சினின் டியூன்டு பைப்பை (அழுத்த அலையைத் திருப்பி அனுப்பும் புகைக்குழாய்) ஒரே மூச்சில் 6 மில்லிமீட்டர் குறைத்தேன். பைப் குறுகினால் அழுத்த அலை விரைவில் திரும்பி வரும், உச்ச ஆற்றலும் மேல் சுழற்சிக்கு நகரும் என்பது இங்கு எல்லோரும் அறிந்ததே. ஆனால் பழைய புரொப்பெல்லரையே வைத்திருந்ததால், வளைவைவிட்டு வெளிவரும்போது எஞ்சின் அந்தச் சுழற்சியை எட்ட முடியாமல் திணறியது. அதை ஈடுகட்ட எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான நீடிலைக் கால் சுற்று இறுக்கினேன். இரண்டாம் சுற்றில், நேரோட்டத்தின் கடைசியில், உச்சத்தில் இருந்த ஒலி மெல்லத் தணிந்தது. எரிபொருள் போதவில்லை என்று அது சொல்வது எனக்குப் புரிந்தது. புரிந்தும் த்ராட்டிலைக் குறைக்க இரண்டு நொடிகள் ஆயின. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தபோது கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கில் கம்பிச்சுருளே இல்லை, பிஸ்டன் ஓடும் உருளையான ஸ்லீவ் முழுவதும் கீறியிருந்தது.

முதல் மறுமொழி

பைப்பின் மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. எனக்கும் கம்பிச்சுருள் காணாமற்போனது, ஆனால் பைப்பை நான் தொடவே இல்லை. நைட்ரோமீத்தேனை 15 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்த்திவிட்டு, சிலிண்டரின் மூடியான ஹெட்டின் அடியில், அமுக்கத்தைக் குறைக்கும் மெல்லிய தகடான ஷிம் சேர்க்காமல் ஓட்டினேன். ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டனின் விளிம்பு, மணலை வீசி அடித்தது போலச் சொரசொரப்பாக இருந்தது. அந்த விளிம்பை விரலால் தடவிய உணர்வு இன்னும் போகவில்லை. அமுக்கம் அதிகமாகி, எரிபொருள் முன்கூட்டியே வெடித்திருக்கிறது. நீங்கள் எந்தக் கலவையை ஓட்டினீர்கள் என்பதைச் சொல்லவே இல்லையே?

இரண்டாம் மறுமொழி

இருவருமே தண்ணீரைக் குறிப்பிடவில்லை. என் படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து வரும் குளிர்நீர்த் தாரை நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. நீர்க்குழாயின் வாயில் பாசி அடைத்திருந்தது, பிஸ்டன் இறுகிவிட்டது.

வேகம் வேண்டுவோர் எஞ்சினில் கைவைக்கும் முன் புரொப்பெல்லரைப் பார்க்க வேண்டும். அதன் முன்விளிம்பைக் கூர்மையாக்கி, இரு இதழ்களின் எடையையும் சமன்செய்தாலே படகு மாறுவதைக் காணலாம். அதன் பிறகு பைப்பை ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி, வேறெதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். நைட்ரோவைக் கூட்டினால் நீடிலையும் திறந்தாக வேண்டும், ஏனெனில் அதே அளவு காற்றுக்கு நைட்ரோமீத்தேன் மெத்தனாலைப்போல் பல மடங்கு தேவைப்படும். படகு துள்ளி, புரொப்பெல்லர் நீரைவிட்டு எழும் கணத்தில் சுமையின்றி எஞ்சின் கட்டுமீறிச் சுழலும்; பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் முறிவது பெரும்பாலும் அப்போதுதான். ஓட்டம் முடிந்ததும் மீந்த எரிபொருளை எரித்துத் தீர்த்து, எண்ணெய் விட்டு வையுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுப்பதால் பேரிங் துருப்பிடிக்கும்.

முதலில் பகிர்ந்தவர்

கலவை மாறவில்லை, தொடக்கம் முதல் 25 சதவீதம்தான். குளிர்நீரும் தடையின்றி வந்தது. உங்கள் கேள்விக்குப் பிறகு எல்லாவற்றையும் மீண்டும் கழற்றினேன். பைப்பிலிருந்து எரிபொருள் தொட்டிக்கு அழுத்தம் கொண்டுசெல்லும் சிலிக்கோன் குழாயில், இணைப்பின் ஓரத்தில் மெல்லிய பிளவு இருக்கிறது. அழுத்தம் அங்கே கசிந்தால், முழு வேகத்தில் மட்டும் எரிபொருள் குறையும். நான் நீடிலை வேறு இறுக்கியிருந்தேன். பிளவு எப்போது விழுந்தது என்று தெரியாது. ஆனால் ஒலி தணிந்த அந்த முதல் நொடியிலேயே த்ராட்டிலைக் குறைத்திருந்தால், ஸ்லீவாவது தப்பியிருக்கும்.