உப்பளம் தெரிஞ்சவங்க உதவி வேணுமுங்க

வணக்கமுங்க. சோமனூர்ல இருந்து எழுதறேன். அப்பா-மகன் கதை ஒண்ணுக்கு ரெண்டு வருசமா திரைக்கதை எழுதிட்டிருக்கேன். முதல்ல விசைத்தறிக் கூடத்துலதான் வெச்சேன். கதை நகரவே இல்லை. பாவு நூல் அறுந்து, விரல் நுனியில எச்சில் தொட்டு முடிச்சுப் போடற சீன் எழுதுனா அது எங்கப்பாவே ஆயிடறாரு. அவர் பேசாததை என்னால எழுத முடியலை.

போன மாசம் அதே கதையைத் தூத்துக்குடி உப்பளத்துக்கு மாத்துனேன். தறிச் சத்தம் நின்னதும் மகன் வாயைத் திறந்து பேசறான். கண் கூசற அந்த வெள்ளைப் பாத்தி நடுவுல ரெண்டு பேருக்கும் ஒதுங்க நிழலில்லை, சண்டை தானா வந்துருச்சு.

ஆனா தப்பா எழுதிடக் கூடாதுங்க. அங்க வேலை செஞ்ச அண்ணன், அக்கா யாராச்சும் சொல்லுங்க. காலையில எத்தனை மணிக்குப் பாத்தியில இறங்குவீங்க? உப்பு வாருற பலகைக்கு உங்க பேச்சுல என்ன பேரு? கால் வெடிப்புக்கு என்ன தடவுவீங்க? முக்கியமா, ஐப்பசி கார்த்திகை மழையில உப்பு எடுக்க முடியாதே, அந்த மாசங்கள்ல வீட்டுச் செலவு எப்படி ஓடும்? கதையோட கடைசிப் பகுதி அந்த மழையிலதான் நடக்குது. கூப்பிட்டா நேர்ல வந்து ஒரு வாரம் தங்கிப் பார்க்கவும் தயாருங்க.