விளையாட்டை இறக்கியவனுக்குமா வழக்கு?

நள்ளிரவு ஆட்டக்காரன்:
டொரண்டில், அதாவது பயனர்கள் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறையில், காசு கொடுக்காமல் ஒரு கேம் இறக்கலாமா என்று யாராவது வாய் திறந்தால் போதும், ஜெயில், அபராதம் என்று பத்துப் பேர் பாய்ந்து வந்துவிடுகிறார்கள். வீண் மிரட்டல் இது. சட்டம் துரத்துவது விற்பவனை, பரப்புபவனை. நிண்டெண்டோ கேம் நிறுவனத்தின் விவகாரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அமெரிக்காவில் 40 மாதச் சிறைத் தண்டனை பெற்ற கேரி பௌசர், அந்த நிறுவனத்தின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் பூட்டை உடைக்கும் சாதனங்களை விற்ற கும்பலைச் சேர்ந்தவர். 2024-இல் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது ஸ்விட்ச் கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் யூஸு எமுலேட்டரை உருவாக்கிய தரப்பு. அதை வைத்து விளையாடியவர்கள் யாரும் அந்த வழக்குகளில் இல்லை. தனக்காக இறக்கி, தன் அறையில் விளையாடுகிறவனைத் தேடி எந்தப் போலீஸ் வரும்?

சட்டப்புத்தகம்:
போலீஸ் பெரும்பாலும் வராது நண்பரே, வருவது வக்கீல் நோட்டீஸ். அமெரிக்காவில் ஜேமி தாமஸ் என்ற பெண் தளம் எதுவும் நடத்தவில்லை, ஒரு பைசா லாபம் பார்க்கவில்லை. கஸா என்ற மென்பொருளில் பாடல்களைப் பகிர்ந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கில் எடுத்துக்கொண்டவை 24 பாடல்கள். 2007-இல் ஜூரி விதித்த இழப்பீடு 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 19 லட்சத்து 20 ஆயிரமாக ஏறியது. பிறகு குறைக்கப்பட்டு, 2012-இல் மேல்முறையீட்டில் மறுபடியும் 2,22,000-இல் வந்து நின்றது. அங்கே மனமறிந்து செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை சட்டமே அனுமதிக்கிறது. உரிமையாளர் தனக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்குக் காட்டவே வேண்டியதில்லை.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவர் பகிர்ந்தார். நான் பேசுவது இறக்குவதைப் பற்றி.

சட்டப்புத்தகம்:
டொரண்டில் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? இறங்கிக்கொண்டிருக்கும்போது இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். வரிசையாக ஐபி முகவரிகள் (இணைய இணைப்பின் அடையாள எண்கள்), பக்கத்தில் அவரவர் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறார் என்ற எண், கடைசியில் நீங்கள் அவருக்கு அனுப்பும் வேகம். கோப்பு உங்களுக்கு முழுதாக வந்து சேரும் முன்பே, கையில் இருக்கும் துண்டுகள் முகம் தெரியாதவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் உரிமையாளர் அமர்த்திய கண்காணிப்பு நிறுவனமும் ஒரு சாதாரணப் பயனர்போல் உட்கார்ந்திருக்கும். உங்கள் முகவரியை நொடி சுத்தமாகக் குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அப்படிக் குறித்துக்கொண்டால் நீங்களும் பரப்பியவர்தான்.

நள்ளிரவு ஆட்டக்காரன்:
ஐபி முகவரி ஒரு மனிதன் அல்லவே. ஒரு வீட்டு வைஃபையை எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் இதைத்தான் சொன்னது: இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவர் மீறினார் என்று வழக்குப் போட முடியாது. சரி, டொரண்டே வேண்டாம். ஒரு தளத்திலிருந்து நேரடியாக இறக்கினால்? அப்போது நான் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லையே.

சட்டப்புத்தகம்:
மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு, உண்மை. ஆனால் வாய்ப்பு குறைவு என்பதும் சட்டப்படி சரி என்பதும் வேறு வேறு. சொந்த உபயோகத்துக்கான நகல் என்ற விலக்கு, சட்டவிரோத மூலத்திலிருந்து எடுத்ததற்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. ஜப்பானில் 2012 முதல், காசு கொடுத்து வாங்க வேண்டிய இசையையும் காணொளியையும் திருட்டு நகல் என்று தெரிந்தே இறக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அடுத்து நீங்கள் ஸ்விட்சர்லாந்தைக் காட்டுவீர்கள். அங்கே தன் உபயோகத்துக்குப் பாட்டும் படமும் இறக்கலாம் என்பது சரிதான். ஆனால் அந்தச் சலுகை கணினி நிரல்களுக்குக் கிடையாது, கேம் என்பதும் ஒரு கணினி நிரல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவும் இதே கோட்டில்தான் போகிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால், குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிபதி தக்க காரணம் காட்டிச் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். அதற்காகக் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. இறக்கியதை விடுங்கள், விளையாடுவதையே அந்தப் பிரிவு தொடுகிறது.

பழைய கேசட்:
இருவரும் புதிய கேம்களையே பேசுகிறீர்கள். விற்பனையிலேயே இல்லாதவற்றை என்ன செய்வது? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று கடைகளில் முறைப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஆய்வு வெளியிட்டது. காசு தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அழியவிடுவதா? இதையும் திருட்டோடு சேர்த்துப் பேசினால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சட்டப்புத்தகம்:
உங்கள் ஆத்திரம் நியாயம், ஐயா. இந்த இடத்தில் சட்டம் மோசமாக இருக்கிறது என்பதே என் கருத்தும். விற்பதை நிறுத்தியதால் உரிமை போய்விடாது. 1990-இல் ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டு பதிப்புரிமை, அதாவது 2085 முடியும் வரை. நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்டக் கேட்ட அனுமதியைக்கூட அமெரிக்காவில் 2024-இல் மறுத்துவிட்டார்கள்.

நீலவானம்:
இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். நான் ஜெர்மனியில் இருக்கிறேன். என் பெயருக்கு வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. கோப்பின் பெயர், தேதி, நேரம், ஐபி முகவரி எல்லாம் போட்டிருக்கிறார்கள். இறக்கியது என் மகன், வயது 15. பணமும் கேட்கிறார்கள், கூடவே இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற ஒரு உறுதிமொழித் தாளும் வைத்திருக்கிறார்கள். சும்மா இருந்துவிடலாமா?

நள்ளிரவு ஆட்டக்காரன்:
பயப்படாதீர்கள். மகன் செய்ததற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்? கிழித்துப் போடுங்கள்.

சட்டப்புத்தகம்:
கிழிக்காதீர்கள், தயவுசெய்து. ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2012-இல், இதெல்லாம் கூடாது என்று 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவைத்திருந்த பெற்றோரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அது உங்களுக்குச் சாதகம், முன்பே மகனிடம் சொல்லியிருந்தால். ஆனால் அதே நீதிமன்றம் 2017-இல், எந்தப் பிள்ளை செய்தது என்று தெரிந்தும் பெயர் சொல்ல மறுத்த பெற்றோரையே பணம் கட்ட வைத்தது. ஆகவே மௌனமும் உங்களைக் காப்பாற்றாது. அவர்கள் அனுப்பிய உறுதிமொழியில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அது ஆண்டுக்கணக்கில் உங்களைக் கட்டும், மீறினால் தனி அபராதம். வாசகத்தைச் சுருக்கித் திருத்தி அனுப்ப வழி உண்டு. பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் நாளையே கடிதத்தைக் காட்டுங்கள். அதுவரை அந்தக் கணினியில் டொரண்ட் ஓடக்கூடாது. பதில் தரக் கெடு எந்தத் தேதி என்று போட்டிருக்கிறார்கள்?