மாடியில் தவில் அறை: சத்தம் கீழே இறங்காமல் இருக்க?

மகன் தவில் கற்கிறான். மொட்டை மாடியில் 10க்கு 12 அடி அறை, 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பியாச்சு. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்கிறார் கொத்தனார். கீழே அத்தை தூங்க வேண்டுமே!

பதில் 1: முட்டை அட்டை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சுவரின் எடையை இரட்டித்தாலே சுமார் 6 டெசிபல்தான் குறையும். உங்கள் தலைவலி சுவரில் இல்லை, தரையில். தவிலின் அதிர்வு தளத்தில் இறங்கி கீழ்வீட்டுச் சுவர்களில் ஓடும். ரப்பர் பட்டைகள் மேல் இரண்டு அடுக்கு பிளைவுட் போடுங்கள். ஓரம் எங்கும் சுவரைத் தொடக் கூடாது, ஒரு ஆணிகூட.

பதில் 2: நான் இதெல்லாம் செய்தும், கதவடியில் அரை அங்குல இடைவெளி விட்டுவிட்டேன். மிருதங்கம் தெருமுனை வரை கேட்டது!

கேட்டவர்: சரி, அப்புறம் ஏசி குழாய் ஓட்டை?

பதில் 1: அதையும் காய்ந்தாலும் கெட்டியாகாத சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) வைத்து அடையுங்கள்.