‘ஓவ்’ உடையவர்: அஞ்சனமா, சன்னதமா?

ஐயா,

நம் விவிலியக் கலைச்சொல் பட்டியலில் ‘அஞ்சனம் பார்ப்பவர்’ என்ற பதிவைப் பிரிக்க வேண்டும். பழைய திருப்புதலில் அது இரண்டு எபிரேயச் சொற்களுக்கு நிற்கிறது. உபாகமம் 18:10இல் ‘நஹஷ்’ (குறிபார்த்தல்) செய்பவனுக்கு அஞ்சனம். அடுத்த வசனத்தில் ‘ஓவ்’ (குறிசொல்லும் ஆவி) கேட்பவனுக்குச் சன்னதக்காரன். 1 சாமுவேல் 28:7க்குப் போனால், செத்த சாமுவேலைச் சவுல் ராஜாவுக்காக எழுப்பும் எந்தோர்ப் பெண்ணிடம் இருப்பது ‘ஓவ்’தான், ஆனால் அவள் அஞ்சனம் பார்க்கிறவளாகிவிடுகிறாள். தமிழை மட்டும் வைத்துச் சொல்லடைவு போட்டால் இரண்டு தொழிலும் கலந்துபோகும்.

அஞ்சனம் என்பது வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ மை தடவி, அந்தப் பளபளப்பில் களவுபோனதைத் தேடுவது. ஆதியாகமம் 44:5இல் யோசேப்பு குறிபார்க்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கு வரும் வினை ‘நஹஷ்’. அஞ்சனம் அங்கே பொருந்தும். ‘ஓவ்’ காதுக்குரியது. ஏசாயா 29:4இல் அதன் குரல் தரையிலிருந்து வருகிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன எழுபதின்மர் ‘வயிற்றால் பேசுபவர்’ என்றே பெயர்த்தார்கள். என் முன்மொழிவு: ஆவியழைப்பாளர்.

* * *

அம்மா,

பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் காதோடு முடித்துவிட முடியாது. எந்தோரில் சாமுவேலைக் காண்பவள் அவள். என்ன உருவம் என்று சவுல் அவளைக் கேட்டுத்தான் அறிகிறான் (28:14). ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் கேட்பதுதானே மைபோட்டுப் பார்ப்பதும்? பழைய மொழிபெயர்ப்பாளர் அங்கே வழுக்கியதற்கு அது காரணமாக இருக்கலாம்.

‘அழைப்பாளர்’ கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. தவிர, லேவியராகமம் 20:27இன் மூலத்தில் ‘ஓவ்’ ஆளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வகையில் சன்னதக்காரன் கிட்டே வருகிறது. ஆனால் சன்னதம் வந்தால் ஆட்டம் உண்டு, எந்தோரில் ஆட்டமே இல்லை. ‘செத்தவர்’ என்பதையும் உள்ளே நுழைக்கக் கூடாது, உபாகமத்தில் செத்தவர்களிடம் கேட்பவன் தனி ஆள்.

‘ஆவியாளி’ எப்படி? எபிரேயத்தில் அவள் ‘பஅலத் ஓவ்’, அதாவது ஓவுக்கு உடையவள். முதலாளி முதலை ஆள்கிறார். நோயாளியை நோய் ஆள்கிறது. யார் யாரை ஆள்கிறார் என்று ‘ஆளி’ சொல்வதில்லை. இந்த இடத்துக்கு அந்த மழுப்பல் வேண்டும்.

* * *

ஐயா,

ஆவியாளி நன்றாக இருக்கிறது. ஒரே இடைஞ்சல், சபைத் தமிழில் ‘ஆவி’ என்றதும் பரிசுத்த ஆவிதான் நினைவுக்கு வரும். ‘பேயாளி’ என்று மாற்றலாமென்றால், பூமியிலிருந்து ஏறிவருவதை அந்தப் பெண் ‘எலோஹீம்’ (தெய்வம்) என்கிறாள் (28:13). பேய் அங்கே நிற்காது. எனவே ஆவியாளி, பக்கத்தில் ‘ஓவ்’ என்ற குறிப்போடு. ‘நஹஷ்’ செய்பவருக்கு அஞ்சனக்காரர். கலாத்தியர் 5:20இன் ‘பில்லிசூனியம்’ மூலத்தில் மருந்தைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. அதற்குத் தனி மடல் போடுகிறேன்.