1942ஆம் ஆண்டு டாங்கித் தடங்கள் இன்னும் அழியாதது ஏன்?

கேள்வி (நெடுவழி):
சென்ற மாதம் கலிபோர்னியாவில் சிரியாக்கோ சம்மிட் என்ற ஊரில் இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனின் நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். வட ஆப்பிரிக்கப் போருக்கு வீரர்களைப் பழக்குவதற்காக 1942இல் பேட்டன் தொடங்கிய பாலைவனப் பயிற்சி மையத்தின் தலைமை முகாம் அதனருகில்தான் இருந்தது. 1944இல் மையம் மூடப்பட்டது. அக்கால டாங்கித் தடங்கள் இன்றும் தெரிகின்றன என்கிறார்கள். மறுநாள் இம்பீரியல் மணல்மேடுகளிலோ, முந்தைய மாலை ஓடிய வண்டிகளின் தடங்கூடக் காலையில் இல்லை. இந்த வேறுபாடு எதனால்?

மறுமொழி (கல்லும் மண்ணும்):
பயிற்சி நடந்த நிலத்தில் பெரும்பகுதி மணல் அன்று, சரளை. பரப்பில் ஒற்றை அடுக்காகக் கற்கள் நெருங்கிப் பதிந்திருக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் அவற்றின் மேல் கரும்படிவு ஏறியிருக்கும். அடியில் வெளிறிய நுண்மண். டாங்கியின் சங்கிலிப்பட்டை அக்கற்களைப் புரட்டி மண்ணை இறுக்கிவிட்டால், மழை மிக அரிதான அவ்விடத்தில் அதைச் சரிசெய்ய எதுவும் இல்லை. இறுகிய மண்ணில் புதரும் எளிதில் வேர்விடாது. ஆகவே, தயவுசெய்து காரைச் சாலையைவிட்டு இறக்காதீர்கள்.

மறுமொழி (திரைக்குப் பின்):
மணல்மேடுகளில் காற்றில் நகரும் மணல் தடத்தை அழிக்கிறது, பொருளை மறைக்க மட்டுமே செய்கிறது. 1982இல் அந்த மணல்மேடுகளின் பட்டர்கப் பள்ளத்தாக்கில் ஸ்டார் வார்ஸ் வரிசையின் மூன்றாம் படத்துக்குப் பெரிய மரமேடை எழுப்பினார்கள். கூட்டம் சேராதிருக்க ஏதோ திகில் படம் என்று பொய்ப்பெயரும் சூட்டினார்கள்! அந்த அரங்கின் மரத்துண்டுகளை, காற்று மணலை விலக்கியபோது, பிற்காலத்தில் ரசிகர்கள் பொறுக்கியிருக்கிறார்கள். ராணுவத்துக்கும் திரைப்படத்துக்கும் இதைவிடப் பழைய உறவு உண்டு: 1943இல் வெளியான ‘சஹாரா’ என்ற போர்ப் படத்தை அதே பாலைவனப் பகுதியில் எடுத்தபோது, ஜெர்மானியப் படையாக நடித்தவர்கள் அங்கே பயிற்சியிலிருந்த அமெரிக்க வீரர்களே.

நெடுவழி:
நன்றி ஐயா. பழைய முகாம்களில் நடந்து பார்க்கலாமா?

கல்லும் மண்ணும்:
கல் வரிசையிட்ட நடைபாதைகளைச் சில முகாம்களில் காணலாம். ஆனால் துருப்பிடித்த உலோகம் எதையும் தொடாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் அங்கே கிடக்கக்கூடும். சாக்லேட் மலைத்தொடரின் குண்டுவீச்சுப் பயிற்சிப் பகுதிக்குள் நுழையவே அனுமதியில்லை. அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.