மறு: காப்பிஸ் என்பதற்குத் தமிழ் – 'தூர்த்துளிர்' சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை வாசித்து வருகிறேன். மரத்தைத் தரையை ஒட்டி வெட்டிய பிறகு, நின்றுபோன கட்டையிலிருந்து பல தண்டுகளாக மறுபடி கிளம்புவதை வனவியலில் காப்பிஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக மறுதாம்பு, கட்டைப்பயிர், மறுமுறி என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. 'காப்பிஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே' என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம்தான். ஆனால் இதற்கொரு தமிழ்ச் சொல் இல்லாமல் எங்கள் ஊர்க் கண்மாய் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் ராமநாதபுரம் பக்கம். சில வருடங்களுக்கு முன் கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை எடுக்க ஒப்பந்தம் விட்டார்கள். தாளில் 'வெட்டி அகற்றுதல்' என்று இருந்தது. எடுத்தவர் முழங்கால் உயரத்தில் வெட்டி, விறகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுக் கொம்பு. தனித்தனி மரமாக இருந்தவரை ஆடாவது உள்ளே போய் வந்தது. இப்போது எல்லாம் புதராகி அதற்கும் வழியில்லை. போய்க் கேட்டால், 'வெட்டச் சொன்னீங்க, வெட்டியாச்சு' என்கிறார். எழுத்துப்படி அவர் பக்கம் சரிதான். இந்த மரத்தின் உறங்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. அந்தப் பகுதியையும் தோண்டி எடுத்தால்தான் மரம் சாகும். அதைச் சுருக்கமாக எழுத அந்தத் தாளைத் தயாரித்தவருக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

வள்ளுவர் 'இளைதாக முள்மரம் கொல்க' என்கிறார். 'வெட்டுக' என்று சொல்லவில்லை. அந்தக் குறள் பகையைப் பற்றியதுதான். இருந்தாலும் அந்த வினைச்சொல்லில் முள்காட்டோடு மல்லுக்கட்டிய ஒருவரின் அனுபவம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பிழைப்புக்கு தில்லி வந்து பல வருடமாகிறது. வீடு மெஹ்ரோலி பக்கம். காலையில் சஞ்சய் வனத்துக்குள் நடக்கப் போனால் அங்கேயும் அதே மரம்! இங்கே அதன் பெயர் விலாயதி கீக்கர். விலாயதி என்றால் சீமை, கீக்கர் என்றால் கருவேலம். சொல்லுக்குச் சொல் நம் பெயரேதான். புது தில்லியைக் கட்டிய காலத்தில், ரிட்ஜ் எனப்படும் ஆரவல்லியின் வறண்ட பாறைமேட்டைப் பசுமையாக்க ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டது. இன்று அங்கே மற்ற மரங்களை எழவிடாமல் நிற்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் சி.ஆர்.பாபு முன்வைத்த மீட்பு முறையில் இதை அடியோடு வெட்டுவதில்லை. கிளைகளைக் கழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, அடியில் உள்நாட்டு மரங்களை வளர்க்கிறார்கள். அவை உயர்ந்து நிழல் கட்டியதும் கீக்கர் தானாக நலியும். மொத்தமாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கண்மாயே சாட்சி.

ஆனால் கெட்ட மரத்தின் குணம் என்ற சாயல் இந்தச் சொல்லில் விழுந்துவிடக் கூடாது. 'கட்டைமுரண்டு' என்று நண்பர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். தேக்கும் சாலமும் இப்படி வருபவைதான். ஆரவல்லியின் சொந்த மரமான தௌ, ஆடு மேயும் இடத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்து, மேய்ச்சல் நின்றதும் நிமிரும். பரீதாபாத் பக்கம் மாங்கர் பனிக் கோயில்காட்டில் ஓங்கி நிற்பவையும் அதே தௌ மரங்கள். வெட்டையும் மேய்ச்சலையும் தாங்கி எழும் இந்தக் குணத்தால் பிழைத்த காடுகள் எத்தனையோ.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் 'வெட்டு' என்னும் பொருளுடையது. நாமும் வெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. துளிரிலிருந்து தொடங்கலாம்.

மறுதாம்பு நல்ல, உயிருள்ள சொல். வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி வரும் பயிரைக் கரும்பு விவசாயி தினமும் அப்படித்தான் சொல்கிறார். கோவை நண்பர் அதற்காக வாதாடியதில் நியாயம் இருக்கிறது, கரும்பில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. என் தயக்கம் என்னவென்றால், அது ஒரு பயிரின் பெயர், அறுவடையின் பெயர். நமக்கு அந்தத் துளிருக்கு ஒரு பெயர் வேண்டும், துளிர்க்கும் திறனுக்கு வேண்டும், அப்படி உருவான காட்டுக்கு வேண்டும், ஒரு வினைச்சொல்லும் வேண்டும். கட்டைப்பயிருக்கும் இதே சிக்கல்தான். மறுமுறி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புகளில் முறியையும் சொல்கிறது. முறி என்றால் தளிர். ஆனால் இன்று காதில் முறிவுதான் விழும், விஷமுறி மாதிரி ஏதோ மருந்து என்றும் நினைப்பார்கள்.

என் பரிந்துரை தூர்த்துளிர். நெல் தூர் கட்டுகிறது என்கிறோம். மூங்கில் தூர் என்கிறோம். 'தூரோடு பிடுங்கு' என்று எங்கள் பக்கம் சொல்லாத ஆள் கிடையாது. ஓரிடத்திலிருந்து பல தண்டு கிளம்பும் அடிப்பகுதி என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அது 'கட்டை'யில் இல்லை. தூர் வாருதலோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கண்மாயில் தூர் வாருவதும் தூர் தோண்டுவதும் ஒரே வாரத்தில் நடக்கும், யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை.

வினையாகவும் வளைகிறது: தைலமரம் நன்றாகத் தூர்த்துளிர்க்கும், சவுக்கு அப்படித் தூர்த்துளிர்க்காது. தூர்த்துளிர்க் காடு, தூர்த்துளிர்ப்புத் திறன் எல்லாம் தானாக வருகின்றன. நல்ல தூர்த்துளிர் வேண்டுமென்றால் இலை விடும் பருவத்துக்கு முன், 15 முதல் 25 செ.மீ. உயரத்தில், பட்டை கிழியாமல், தண்ணீர் தேங்காதபடி சரிவாக வெட்ட வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை.

பக்கத்துச் சொற்களையும் பிரித்து வைத்துவிடலாம். வேரிலிருந்து தள்ளி முளைப்பது வேர்க்கன்று; கறிவேப்பிலை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் தெரியும். ஆடுமாட்டுக்கு எட்டாத உயரத்தில் தலையை வெட்டித் துளிர்க்க விடுவதற்குத் தலைக்கவாத்து. விதையிலிருந்து வந்த மரங்களின் காட்டை அகராதிக் குறிப்பு ஒன்று 'உயர்காடு' என்கிறது. அதில் உயரத்தைவிட, எதிலிருந்து பிறந்தது என்பதுதான் முக்கியம். விதைவழிக் காடு என்போமா? வெட்டும்போது சில மரங்களை மட்டும் விட்டுவைப்பார்களே, அவற்றுக்கு நிறுத்துமரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. நிலைமரம் என்றால் வாசல் நிலை குறுக்கே வருகிறது. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் இந்த மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டித் திரும்பத் திரும்ப வளர்ப்பவர்கள். இந்தத் துளிருக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கக் கூடும். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது மூட்டக்காரர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? கிடைத்தால் என் சொல்லைத் தள்ளிவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் போகும்போது நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
மெஹ்ரோலி, தில்லியிலிருந்து